பனைமரமாக நில், ஆமையாகச் சுருள்: நாய்களைப் பற்றிய வாசகர் கேள்விகள்

கால்நடை மருத்துவம் குறித்த இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் கறவை மாட்டின் மடிநோயைப் பற்றியும் ஆட்டின் கழிச்சலைப் பற்றியும்தான் கடிதங்கள் வரும். இந்த முறை பழைய வட ஆற்காட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒரே பொருளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மாட்டுக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அவிழ்ந்து திரியும் நாய்களிடமிருந்து நம்மையும் வீட்டாரையும் காத்துக்கொள்வது எப்படி என்பதற்கு மட்டும் இங்கே விடை சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு ஒரு முட்டுச் சந்தின் உள்ளே இருக்கிறது. சந்தின் முனையில் பிரியாணிக் கடை ஒன்று இருப்பதால், மாலையானால் ஏழெட்டு நாய்கள் அங்கே கூடிவிடுகின்றன. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் டியூஷன் முடிந்து இரவு ஏழு மணிக்கு அந்த வழியாகத்தான் வர வேண்டும். சென்ற வாரம் ஒரு நாய் துரத்தியதில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அவனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?
(ஒரு வாசகி, காட்பாடி)

பதில்: சகோதரி, அச்சம் வந்தால் ஓடுவது பிள்ளையின் இயல்பு, ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. இந்த இரண்டு இயல்புகளும் ஒரு சந்தில் சந்தித்துக்கொண்டதால்தான் உங்கள் மகன் விழுந்தான். நாம் சொல்லும் சொல் தெருநாய்க்குப் புரியாது. நம் கால், கை, கண் ஆகியவை சொல்வது முழுவதும் அதற்குப் புரியும். ஆகவே, ‘பயப்படாதே’ என்று பிள்ளையிடம் சொல்வதில் பயன் இல்லை. பயந்துகொண்டே அசையாமல் நிற்பது எப்படி என்பதைத்தான் பழக்க வேண்டும்.

என் பேரனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது இதை ஒரு விளையாட்டாகவே பழக்கினேன். கூடத்தில் அவன் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் திடீரென்று ‘நாய்!’ என்று கூவுவேன். உடனே அவன் நின்ற இடத்திலேயே பனைமரமாகிவிட வேண்டும். கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், இரு கைகளையும் மடக்கி மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும், பார்வை தன் கால் கட்டைவிரலில் இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒரு தலையணையை நாயாகப் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றி வந்து, முழங்காலில் உரசி, மோப்பம் பிடிப்பதுபோல் மூச்சு விடுவேன். முதல் இரண்டு நாள் கூச்சம் தாளாமல் சிரித்துவிட்டான். மூன்றாம் நாள் நான் இருபது எண்ணி முடிக்கும்வரை இமைகூடத் தாழ்த்தாமல் நின்றான். நாய் மோந்து பார்த்துவிட்டுச் சலித்துப்போய் விலகும்வரை நிற்பதும், அது விலகிய பின்பு ஓடாமல், திரும்பி முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல அடியெடுத்து வைப்பதும்தான் இதில் அடங்கிய வித்தை.

இரண்டாவது ஆட்டம் ஆமை. நாய் மேலே பாய்ந்து பிள்ளை கீழே விழுந்துவிட்டால், முழங்காலை வயிற்றோடு மடக்கிக் குப்புறச் சுருண்டு, முகத்தைத் தரைப்பக்கம் மறைத்து, விரல்களைக் கோத்துப் பிடரியின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கைகள் இரண்டு காதுகளையும் மூடிக்கொள்ளும். சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருப்பதால் அவர்களுக்குத் தலையிலும் கழுத்திலுமே மிகுதியாகக் கடி விழுகிறது. ஆமையின் ஓடு காக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். முதுகில் புத்தகப்பை இருந்தால் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய் ஆகிய மூன்றின் பக்கமும் போகக் கூடாது என்பதையும், கையில் பஜ்ஜியோ பிஸ்கட்டோ இருக்கும்போது நாய் நெருங்கினால் அதைக் கீழே போட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தின்பண்டம் போனால் வேறு வாங்கலாம்.

ஆனால் பிள்ளையைப் பழக்குவதோடு பெரியவர்களின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அந்தச் சந்தில் நாய்கள் கூடுவது உங்கள் மகனுக்காக அல்ல, எலும்புக்காக. தெருவார் நான்கு பேர் சேர்ந்து கடைக்காரரிடம் பேசி, மூடியுள்ள பீப்பாயில் கழிவைப் போட்டு அன்றைக்கே குப்பை வண்டியில் ஏற்றச் செய்தால், சில வாரங்களில் கூட்டம் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பிரியாணிக்கும் இறைச்சிக்கும் பேர்போன ஊர்களில் நான் பணியாற்றிய காலத்தில் நாய்க்கடி பற்றிய புகார் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்டால், அந்தத் தெருவில் கறிக்கழிவு கொட்டும் இடம் எது என்பதையும் சேர்த்தே கேட்பேன். இரண்டும் பெரும்பாலும் ஐம்பது அடிக்குள் இருக்கும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். அதிகாலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறேன். கையில் தடி எடுத்துச் செல்லலாமா? குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தால் நாய் ஓடிவிடும் என்கிறார்களே? குரைக்கிற நாய் கடிக்காது என்பது உண்மையா?
(ஒரு வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: ஐயா, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பழமொழியை நாய்கள் கேட்டதில்லை. குரைப்பது பல நேரங்களில் ‘கிட்டே வராதே’ என்ற எச்சரிக்கை. அதை மதித்து நாம் விலகிவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்ற அளவில்தான் அதில் உண்மை இருக்கிறது. எச்சரிக்கையை மீறி நாம் முன்னேறினால் குரைத்த நாயே கடிக்கும். என் அனுபவத்தில் அதைவிட அஞ்ச வேண்டியது, ஓசையே இல்லாமல் உடலை விறைத்து, வாலைக் கம்புபோல் நிறுத்தி, முதுகு மயிர் சிலிர்க்க, இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கும் நாய். வால் ஆடுகிறதே என்று நெருங்கிவிடவும் கூடாது. உடல் முழுவதும் குழைந்து ஆடும் வால் வேறு, உயர்ந்து நின்று நுனி மட்டும் துடிக்கும் வால் வேறு.

கல் எடுப்பதுபோல் குனிவது, தொலைவில் நிற்கும் நாயிடம் பலிக்கும். கல்லடி பட்டே வளர்ந்த நம் ஊர் நாய்களுக்கு அந்தக் குனிவு நன்றாகப் பழக்கம். நாய் ஏற்கெனவே ஐந்தாறு அடிக்குள் வந்துவிட்டிருந்தால் குனிய வேண்டாம், அது உங்கள் முகத்தை அதன் வாய்க்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும். எறியவும் வேண்டாம், ஒன்றின்மேல் கல் பட்டால் மற்றவை சேர்ந்துகொள்ளும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். அது கல்லில் வடித்த நாயைப் பற்றிய சொல் என்று விளக்குவோரும் உண்டு. எப்படியானாலும் மலையும் பாறையுமாக இருக்கும் வேலூரில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை, அதனால் நமக்குப் பயனும் இல்லை.

தடி எடுத்துச் செல்லுங்கள், அடிப்பதற்காக அல்ல. நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் தரையோடு சாய்த்து நீட்டிப் பிடித்தால் அது ஒரு வேலி. தடியைவிடக் குடை நல்லது என்பேன். நெருங்கிவரும் நாயின் முன்னால் குடையைப் பட்டென்று விரித்தால் பெரும்பாலான நாய்கள் திகைத்து நின்றுவிடும். விரிந்த குடைக்குப் பின்னால் உங்கள் கால்கள் முழுவதும் மறைந்துவிடும். ஒரு டார்ச் விளக்கும் தேவை, ஏனென்றால் இருட்டில் நாயின் வாலை மிதித்துக் கடிபட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். கூட்டமாக நாய்கள் வந்தால் சுவரையோ நிறுத்தியிருக்கும் வண்டியையோ முதுகுக்குக் காவலாக்கிக்கொண்டு, ‘போ’ என்று ஒரே சொல்லை அடித்தொண்டையில் உரக்கச் சொல்லிக்கொண்டு நகருங்கள். கீச்சுக் குரலில் கத்துவது அவற்றைத் தூண்டிவிடும்.

கேள்வி: இரவுப் பணி முடிந்து பைக்கில் திரும்பும்போது நாய்கள் துரத்துகின்றன. வேகத்தைக் கூட்டினால் அவையும் வேகம் எடுக்கின்றன. காலால் உதைக்கலாமா?
(ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: தம்பி, உதைக்காதீர்கள். உதைக்கும் கால்தான் கடிபடும். அதற்கும் முன்னால் வண்டி நிலைகுலையும். இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு நாயின் பல்லைவிடச் சாலையின் தார்தான் மிகுதியாகக் காயம் செய்கிறது. நாய்கள் வழக்கமாகத் துரத்தும் இடம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அதற்கு நூறு அடி முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராக, ஹாரன் அடிக்காமல் கடந்து செல்லுங்கள். அப்படியும் துரத்தினால் வண்டியை நிறுத்திவிடுங்கள். ஓடுவது நின்றவுடன் துரத்துவதற்கும் ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. அவை சிறிது நேரம் குரைத்துவிட்டுத் தம் எல்லைக்குத் திரும்பும். பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் பதறிக் காலைத் தூக்கினால் இருவரும் விழுவீர்கள் என்பதால், வீட்டிலேயே இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மார்கழியில் விடியுமுன் எழுந்து வாசலில் கோலம் போடுவது எங்கள் வழக்கம். எதிர்வீட்டு காரின் அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. இதுவரை சாதுவாக இருந்த அது இப்போது என்னைப் பார்த்தே உறுமுகிறது.
(ஒரு வாசகி, வாலாஜாபேட்டை)

பதில்: அம்மா, அதற்கு உங்கள்மேல் பகை ஒன்றும் இல்லை. நம் ஊர்த் தெருநாய்களில் பல மழைக்காலத்தை ஒட்டி இணைசேர்ந்து, ஏறத்தாழ இரண்டு மாதம் சுமந்து, குளிர் தொடங்கும்போது ஈனுகின்றன; ஆகவே நீங்கள் கோலம் போடும் நாளும் அது குட்டியைக் காக்கும் நாளும் ஒன்றாகவே வருகின்றன. குட்டிகள் தாமாக நடந்து திரியும்வரை சில வாரங்கள் இந்த உறுமல் இருக்கும். அதுவரை வாசல் விளக்கைப் போட்டு, வாளியும் துடைப்பமும் ஓசைப்பட வெளியே வந்து, அந்தக் காருக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து போடுங்கள். புள்ளிகளைக் குறைத்துக்கொண்டால் அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை வேண்டாம். குட்டிகளைச் சாக்கில் கட்டி வேறு தெருவில் விடும் வேலையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். தேடி அலையும் தாய் நாய் தெருவில் எல்லாரையும் கடிக்கும்.

கேள்வி: என் ஆறு வயது மகளின் கெண்டைக்காலில் தெருக்குட்டி ஒன்று விளையாட்டாகப் பல் பதித்துவிட்டது. இரத்தம் ஒரு துளிதான் வந்தது. மாமியார் காப்பித்தூளை வைத்து அழுத்தினார். பக்கத்து வீட்டார் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் வைக்கச் சொன்னார்கள். குட்டி கடித்ததற்கும் ஊசி போட வேண்டுமா? தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று மகள் அழுகிறாள்.
(ஒரு வாசகி, ஆரணி)

பதில்: இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே வாசகியைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன். இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது. மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வெறிநாய்க்கடி நோய் குட்டிக்கும் வரும், குட்டியிலிருந்தும் பரவும். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் இருக்கும் கிருமி, காயத்தின் வழியாக நரம்பில் ஏறி, மெல்ல மெல்ல மூளைக்குச் செல்கிறது. அறிகுறி தோன்றிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்த உடனே செய்ய வேண்டியதை முறையாகச் செய்தால் அந்த நோயைத் தடுத்துவிடலாம். கடிக்கும் அறிகுறிக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும். முகத்திலும் கழுத்திலும் விரல்களிலும் பட்ட கடிக்கு இந்த இடைவெளி குறையலாம்.

செய்ய வேண்டிய முதல் வேலை மருத்துவமனைக்கு ஓடுவதுகூட அல்ல, குழாயடிக்குப் போவது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் காயத்தைக் காட்டி, துணி சோப்போ குளியல் சோப்போ எது கையில் கிடைக்கிறதோ அதை நன்றாக நுரைக்கத் தேய்த்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மிக நீண்ட நேரம். இரண்டு நிமிடத்தில் ‘போதும்’ என்று தோன்றிவிடும். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் செம்பால் ஊற்ற மற்றவர் தேய்க்கட்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். காப்பித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு ஆகிய எதுவும் அந்த வேலையைச் செய்யாது. அவை காயத்தை எரியவைத்து, கழுவுவதைத் தடுத்துவிடும். வேர் கட்டுவதும் மந்திரிப்பதும் வேண்டுமானால் ஊசி போட்டுக்கொண்டு வந்த பிறகு பாட்டியின் மனநிறைவுக்காக நடக்கட்டும்.

மருத்துவர்கள் கடியை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். காயமில்லாத தோலில் நாய் நக்கினால் கழுவினால் போதும். இரத்தம் வராத கீறலுக்கும் மெல்லிய பல் தடத்துக்கும் தடுப்பூசி தேவை. தோல் கிழிந்து ஒரு துளி இரத்தம் வந்தாலும், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கண், வாய் ஆகியவற்றின் ஈரப்பரப்பிலோ எச்சில் பட்டாலும், அது மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் உடல் எடைக்குக் கணக்கிட்டுக் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தடுப்பூசி தன் வேலையைத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் காவல் நிற்பது இந்த மருந்துதான். ஆரணி வாசகியின் மகள் இந்த மூன்றாம் வகைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மருந்து இருப்பில் இல்லை என்றால் ‘எங்கே கிடைக்கும்’ என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அன்றே போய்விடுங்கள்.

பதினான்கு ஊசிக் கதைக்கு வருவோம். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கிய காலத்தை அடுத்து, ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பு மருந்தை வயிற்றுத் தோலின் அடியில் நாள்தோறும் குத்திய காலம் ஒன்று இருந்தது உண்மை; என் தந்தையார் அதைப் போட்டுக்கொண்டு வயிறு வீங்கிப் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று (இதை 0 நாளாக எண்ண வேண்டும்), 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை, முறைக்கு இரண்டு கைகளிலும் ஒவ்வொரு சிறு ஊசியாகப் போடுகிறார்கள். தசையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி. கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும்கூடப் போட்டுக்கொள்ளலாம். முன்பே முழுவதும் போட்டுக்கொண்டவர்களை மறுபடி நாய் கடித்தால் கடித்த அன்றும் 3-ஆம் நாளும் இரண்டே முறை போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம்; ஆகவே அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் ரேஷன் கார்டோடு வைத்திருங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பது தவறு. ஊசியை முதல் நாளே தொடங்கிவிட்டு நாயையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெரிய சாதி நாய் ஒன்றை வளர்க்கிறார். மாலையில் சங்கிலி இல்லாமல் அவிழ்த்துவிடுகிறார். கேட்டால், ‘அது ஒன்றும் செய்யாது’ என்கிறார். சட்டப்படி என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், தொரப்பாடி)

பதில்: ‘அது ஒன்றும் செய்யாது’ என்பது நாயின் உரிமையாளர்கள் அனைவரும் கடி விழும் நாளுக்கு முந்தைய நாள்வரை சொல்லும் சொல். அவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். தெருவில் நான்கு பேர் முன்னால் கேட்டால் நாயைவிட அவருடைய மானம்தான் முதலில் பாயும். பயன் இல்லை என்றால் நாள், நேரம் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து, மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். தன் வளர்ப்பு விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

கேள்வி: சிறு வயதில் நகராட்சி வண்டியில் வந்து நாய்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்போது ஏன் அப்படிச் செய்வதில்லை? எங்கள் தெருவில் ஒருவர் தினமும் சோறு வேறு வைக்கிறார்.
(ஒரு வாசகர், இராணிப்பேட்டை)

பதில்: அந்த வண்டியும், கழுத்தை நெரிக்கும் கம்பிச் சுருக்கும் எனக்கும் நினைவிருக்கின்றன, வண்டி போன மறுமாதம் அடுத்த தெருவின் நாய்கள் காலியான இடத்துக்கு வந்து சேர்ந்ததும் நினைவிருக்கிறது. 2001-இல் வந்த விதிகளும் அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விதிகளும், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. அப்படிச் செய்யப்பட்ட நாயின் காது மடலில் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் ஒரு வெட்டு இருக்கும். உங்கள் தெருவில் எத்தனை நாய்களுக்கு அந்த வெட்டு இல்லை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையோடு நகராட்சிக்கு எழுதுங்கள். ‘நாய்த் தொல்லை’ என்று பொதுவாக எழுதும் மனுவைவிட அதற்கு விடை வருவது எளிது.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் கண்டவையும் அந்த ஐயத்துக்கு உரியவையும் மூர்க்கமானவையும் திரும்பத் தெருவில் விடப்படக் கூடாது என்றும், கண்ட இடத்தில் சோறு வைக்காமல் அதற்கென உள்ளாட்சி ஒதுக்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. ஆகவே சோறு வைப்பவரோடு சண்டை போடாமல், பிள்ளைகள் நடமாடாத ஓர் இடத்துக்கு அந்தத் தட்டை நகர்த்தச் சொல்லுங்கள். அவருக்குப் பழகிய நாய்கள் என்பதால், கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்கவும் அவரே உதவ முடியும். விஷம் வைப்பது மட்டும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம், அந்த உணவைக் கோழியோ குழந்தையோ எடுத்துவிடும் அபாயமும் உண்டு.

கேள்வி: நாய் உண்மையிலேயே கவ்விவிட்டால் என்ன செய்வது? கூடக் குழந்தை இருந்தால்?
(ஒரு வாசகி, ஆம்பூர்)

பதில்: கவ்விய கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், பல் பதிந்த இடம் கிழிந்துவிடும். அது கவ்வுவதற்கு முன்பாகவே கைப்பை, செருப்பு, ஹெல்மெட், துப்பட்டாவைச் சுருட்டிய முடிச்சு என்று எதையாவது அதன் வாய்க்கு நேராக நீட்டிவிட்டால், பல நாய்கள் அதையே கடித்துக்கொண்டு நிற்கும். நடக்கும் வயதுப் பிள்ளையைச் சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் நிறுத்துங்கள். தலைக்குமேல் தூக்கிக் காட்டினால் நாய் எம்பிப் பாயும். கைக்குழந்தையானால் மார்போடு அணைத்து, நாய்க்குத் தோளைக் காட்டி நில்லுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கூச்சல் போடுவதைவிட ஒரு வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் வீசுவது பயன் தரும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடைத்தால் அதன் கால்களை முன்னால் நீட்டி நடுவில் புகலாம்.

கேள்வி: வெறிநாய் தண்ணீரைக் கண்டால் ஓடும் என்கிறார்கள். அதை வைத்து அடையாளம் காணலாமா?
(ஒரு கல்லூரி மாணவர், அணைக்கட்டு)

பதில்: நீரைக் கண்டு அஞ்சுவது இந்த நோய் கண்ட மனிதருக்கு வரும் அறிகுறி, நாய்க்கு அப்படி வருவதில்லை. தாடை தொங்கி எச்சில் வடிவது, குரல் மாறிப்போவது, காரணம் இல்லாமல் கட்டையையும் கல்லையும் கடிப்பது, தள்ளாடி நடப்பது, பழகியவர்களையே அறியாமல் போவது ஆகியவைதான் நாயிடம் பார்க்க வேண்டியவை. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் மூலையில் ஒடுங்கி, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் வாயைத் திறந்துகொண்டே இருக்கும் வகையும் உண்டு. எலும்பை எடுத்துவிடுகிறேன் என்று அதன் வாய்க்குள் கையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடித்த நாய் சாக்கடைத் தண்ணீரை நக்கிக் குடித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும், அதனால் ஊசி தேவையில்லை என்றும் ஒரு தந்தை என்னிடம் நெடுநேரம் வாதாடினார். பையனைக் குழாயடியில் உட்காரவைத்து, அவரையே தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.